நான் பார்க்காத முதல் சொட்டு

சர்க்கரைக்கு ரத்தம் கொடுக்க மாதம் ஒருமுறை போகிற லேபில் ஒரு பெண் வேலை செய்கிறாள். என்னைக் கண்டாலே அவளுக்கு அலுப்பு. ஊசியை எடுப்பதற்கு முன்பே ட்யூபில் என் பெயரை எழுதச் சொல்வேன். எழுதியதைக் காட்டச் சொல்வேன். ரத்தம் எடுத்த பிறகு இன்னொரு தடவை காட்டச் சொல்வேன். போன மாதம் பொறுமை இழந்து, "என்ன சார், என் மேல நம்பிக்கையே இல்லையா?" என்று கேட்டுவிட்டாள். "உன் மேல மட்டும் இல்லம்மா, யார் மேலயும் இல்ல" என்றேன்.

அவள் மேஜையில் கர்ப்பம் பார்க்கிற பட்டைகள் பெட்டி பெட்டியாக இருந்தன. மூன்று சொட்டு விட்டால் ஐந்து நிமிடத்தில் கோடு விழுந்துவிடுமாம். நானும் இதே வேலையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவன் என்று தெரிந்ததும், "உங்க காலத்துல இதுக்கு என்ன சார் பண்ணுவீங்க?" என்றாள். "தேரையைக் கேட்போம்" என்றேன். நான் அளக்கிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நம்புவதும் நம்பாததும் அவள் பாடு.

பள்ளிப் படிப்பு முடிந்து சென்னையில் ஒன்பது மாதம் லேப் பயிற்சி. அதில் எட்டு மாதம் கண்ணாடிக் குழாய் கழுவினேன், ஒரு மாதம் கற்றுக்கொண்டேன். ஐம்பதுகளின் நடுவில் செங்கல்பட்டில் ஒரு சிறிய பிரசவ ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அந்த ஆஸ்பத்திரி இப்போது இல்லை. பெயரும் வேண்டாம். அங்கே இருந்த ஒரே டாக்டர் ஒரு பெண்மணி. நாங்கள் 'டாக்டரம்மா' என்போம். நாற்பது வயதிருக்கும். குரலை உயர்த்த மாட்டார். கூட்டுகிறவரைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். ஆனால் யார் சொல்வதையும் நம்ப மாட்டார். நோயாளியிடம் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்பார், மூன்றுக்கும் ஒரே பதில் வந்தால்தான் எழுதுவார். பாட்டிலின் மூடியில் பெயர்ச்சீட்டு ஒட்டினால் தூக்கிக் கொட்டிவிடுவார். மூடி இடம் மாறும், பாட்டில் மாறாது என்பது அவர் கட்சி.

சேர்ந்த முதல் வாரமே எனக்கு ஒரு கண்ணி வைத்தார். பாட்டிலில் சிறுநீர் வந்தது. நீல மருந்தை விட்டுக் காய்ச்சினேன். செங்கல் நிறம் கண்டது. 'சர்க்கரை மிக அதிகம், உடனே சேர்க்க வேண்டும்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "தேயிலைத் தண்ணில குளுக்கோஸ் போட்டு அனுப்பினேன், வேலாயுதம். தேயிலைக்கு எந்த வார்டுல இடம் போடட்டும்?" என்றார். ஆஸ்பத்திரி முழுக்க இரண்டு வாரம் என்னைப் பார்த்தால் டீ வேண்டுமா என்று கேட்டார்கள். அன்றிலிருந்து நானும் எதையும் நம்பக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டேன். இயற்கையிலேயே எனக்கு அந்தக் குணம் கொஞ்சம் உண்டு. அவர் அதற்கு உரம் போட்டார்.

இனி தேரை விஷயம். கர்ப்பம் தரித்தால் நஞ்சுக்கொடியிலிருந்து ஒரு ஹார்மோன் சுரந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரில் இறங்குகிறது. அந்தச் சிறுநீரை ஆண் தேரையின் முதுகுத் தோலுக்கு அடியில் ஊசியில் ஏற்றினால், மனுஷியின் ஹார்மோன் தேரையின் உடம்பையும் ஆட்டிவைக்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் அதன் சிறுநீரில் விந்தணுக்கள் வந்துவிடும். மெல்லிய கண்ணாடிக் குழாயால் ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தால் வாலை ஆட்டிக்கொண்டு ஓடுவது தெரியும். கர்ப்பம் இல்லையென்றால் சொட்டு வெறும் தண்ணீராக இருக்கும்.

தேரை பிடித்துத் தருகிறவர் தாண்டவராயன். கொளவாய் ஏரிக்கரையில் வசிப்பவர். இடுப்பை இரண்டு விரலால் அழுத்தினால் ஆண் தேரை கத்தும், பெண் கத்தாது. அப்படிப் பார்த்து ஆணாகக் கொண்டுவருவார். ஈரமணல் போட்ட தொட்டிகளில் தனித்தனியாக விடுவோம். புதிதாக வந்ததை ஒரு வாரம் தொடக் கூடாது. ஒருமுறை ஊசி போட்டதற்கு இரண்டு வாரம் ஓய்வு. ஒரு பரிசோதனைக்கு இரண்டு தேரை. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு விதி: ஊசி போடுவதற்கு முன்னால் தேரையின் சொந்தச் சொட்டு ஒன்றை எடுத்துப் பார்க்க வேண்டும். அதில் ஏற்கெனவே விந்தணு இருந்தால் அந்தத் தேரை செல்லாது. நோட்டில் அதற்கென்று 'முன்' என்று ஒரு கட்டம். பார்த்துவிட்டு அதில் டிக் போட வேண்டும். முதல் ஆறு மாதம் அந்தச் சொட்டில் நான் எதையுமே கண்டதில்லை. எப்போதும் வெறுமை. எப்போதும் டிக்.

ஐப்பசி மழை பிடித்த மூன்றாம் நாள் கன்னியம்மா தன் மருமகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். திருக்கழுக்குன்றத்துக்கு அப்பால், மாமல்லபுரம் சாலையில் ஒரு கிராமம். மணிலாக் கடலையும் சவுக்கும் போடுகிற குடும்பம். மகன் ஏழுமலை வடக்கே மிலிட்டரியில் இருந்தான். விடுப்பில் வந்துபோய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. மருமகள் பூங்காவனத்துக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை.

"மூணு மாசமா இவ வூட்டுக்குத் தூரமா ஒக்காரல சார். காத்தால எய்ந்தா குமட்டிக்கினு கீறா. மூஞ்சி ஊதிக்கீது. எம்புள்ள அங்க துப்பாக்கி தூக்கிக்கினு நிக்கிறான். எனக்கு உண்மை தெரியணும்" என்றாள் கன்னியம்மா. கையில் ஒரு பாட்டில் இருந்தது.

பூங்காவனம் பெஞ்சில் உட்கார்ந்து, அந்தப் புழுக்கத்திலும் ஒரு தடித்த போர்வையைக் கழுத்துவரை சுற்றியிருந்தாள். வயிற்றை மறைக்கிறாள் என்று நினைத்தேன்.

பாட்டிலை நான் நம்பவில்லை. மாமியார் கொண்டுவந்த பாட்டிலில் யாருடைய சிறுநீர் இருக்கும் என்று யார் கண்டது? பிடிக்காத மருமகளைத் துரத்த வேறு யாரிடமாவது வாங்கி வந்திருக்கலாம். அதைக் கொட்டிவிட்டு வேறு பாட்டில் கொடுத்தேன். பூங்காவனத்தையும் நம்பவில்லை. தண்ணீர் கலந்துவிடுவாள் என்று ஆயாவைக் கூடவே அனுப்பி, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு எடுக்கச் சொன்னேன். ஆயாவையும் நம்பாமல் பாட்டிலைத் தொட்டுச் சூடு இருக்கிறதா என்று பார்த்தேன். இவ்வளவு ஜாக்கிரதையாக இருக்கிறோமே என்று எனக்கே என் மேல் ஒரு மெச்சல்.

பழைய தேரைகளெல்லாம் ஓய்வில் இருந்தன. முந்தின நாள் தாண்டவராயன் கொண்டுவந்த ஆறு மட்டும் புதுத் தொட்டிகளில் கிடந்தன. "நேத்து மழையில புடிச்சது சார். ஏரியில ஜோடி ஜோடியா கெடந்துதுங்க, பிரிச்சி எட்த்தாந்தேன்" என்று அவர் சொல்லியிருந்தார். அதைக் காதில் வாங்கினேன், மண்டையில் வாங்கவில்லை. இனச்சேர்க்கையில் இருந்த தேரைக்கு ஹார்மோன் ஊசியே வேண்டாம், தானாகவே விந்து இறங்கிக்கொண்டிருக்கும் என்பது எனக்குப் பாடமாகத் தெரியும். கன்னியம்மா வாசலில் நின்று, "மூணு மணி பஸ்சு வுட்டா ராத்திரிதான் சார்" என்று நெருக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு தேரைகளை எடுத்து ஊசி போட்டேன். 'முன்' கட்டத்தில் டிக் போட்டேன். சொட்டு எடுக்கவில்லை.

இரண்டாவது மணியில் பார்த்தேன். இரண்டு தேரைகளிலும் விந்தணுக்கள் கூட்டமாக ஓடின.

முடிவை டாக்டரம்மாதான் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர் ஆபரேஷனில் இருந்தார். கன்னியம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வயித்துல கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு சார்" என்றாள். நான், "இருக்கு" என்றேன்.

பூங்காவனம் தலையைத் தூக்கினாள். "இல்ல சார். எனக்கு ஒண்ணும் இல்ல" என்றாள். குரல் கட்டையாக, ஒவ்வொரு சொல்லாக, ரொம்ப மெதுவாக வந்தது. பொய் சொல்கிறவள் யோசித்துப் பேசுகிறாள் என்று எனக்குப் பட்டது. கன்னியம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மாலையில் நோட்டைக் காட்டியபோது டாக்டரம்மா, "பேஷன்ட் எங்க?" என்றார். போய்விட்டார்கள் என்றேன். "நான் பார்க்காத ஆளைப் பத்தி நீங்க எப்படிச் சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார். ஒரு வாரம் என்னுடன் பேசவே மாட்டார் என்று நினைத்தேன். ஐந்தாம் நாளே பேச வேண்டி வந்தது.

ஐந்தாம் நாள் காலையில் ஒரு மாட்டுவண்டி வந்து நின்றது. பூங்காவனத்தைக் கிடத்திக் கொண்டுவந்தார்கள். கருவைக் கலைக்க ஏதோ கஷாயம் கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாளாக ஓயாத வாந்தி. கை கால் சில்லிட்டு, நாடி கிடைக்காத அளவுக்கு ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. கன்னியம்மா வண்டிப் பக்கத்திலேயே நின்று நடுங்கிக்கொண்டிருந்தாள். மருமகளைத் தொலைக்க நினைத்தவள் முகம் அது இல்லை. குடும்ப மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நம்பிச் செய்தவள், மருமகள் பிணமாகிவிடுவாளோ என்று பயந்துபோயிருந்தாள்.

டாக்டரம்மா குளுக்கோஸும் உப்புத் தண்ணீரும் நரம்பில் ஏற்றச் சொல்லிவிட்டு, எல்லாரையும் வெளியே அனுப்பினார். ரத்தம் எடுக்க வந்த நானும் ஆயாவும் மட்டும் இருந்தோம். கால் மணி நேரம் அந்த உடம்பைப் பார்த்தார். அவர் பார்த்த விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். புருவத்தைத் தடவினார், வெளி ஓரம் உதிர்ந்திருந்தது. கையைத் தூக்கி அக்குளைப் பார்த்தார், ஒரு முடி இல்லை. மார்பைப் பார்த்தார், காம்பின் கறுப்பு வெளுத்திருந்தது. கர்ப்பமானால் அது கறுக்க வேண்டும். பிறகு குனிந்து பூங்காவனத்தின் காதருகே கேட்டார்.

"குழந்தைக்குப் பால் கொடுத்தீங்களா?"

"பாலே சொரக்கல."

"பிரசவத்துல ரத்தம் நிறைய போச்சா?"

"பாய் நனைஞ்சி தரைக்கு வந்துட்ச்சி. செத்துட்டேன்னே சொன்னாங்க."

"தூரம் கடைசியா எப்ப வந்துச்சு?"

"மூணு மாசம்…"

"உட்கார்ந்தது எப்பன்னு கேக்கல. நிஜமா வந்தது எப்ப?"

பூங்காவனம் கண்ணை மூடிக்கொண்டாள். "அதுக்கப்றம் வரவேல்ல" என்றாள். "கொயந்த பொறந்ததுக்கு அப்றம் வரவேல்ல. மாசா மாசம் சும்மா போயி கொல்லக் கொட்டாயில மூணு நாள் ஒக்காந்துகினு இருந்தேன். வரலன்னு சொன்னா மலடின்னு வேற கல்யாணம் பண்ணி வெப்பாங்க. இப்ப அங்க படுக்க முடியல. குளிரு தாங்கல. அதான் நிறுத்திட்டேன்."

இரண்டு வருஷமாக அவள் நடித்திருக்கிறாள். நடிக்கத் தெம்பில்லாமல் போனபோதுதான் மாமியார் கண்ணில் பட்டிருக்கிறாள். புழுக்கத்தில் சுற்றியிருந்த போர்வை வயிற்றை மறைக்க இல்லை, குளிருக்கு. மெதுவான பேச்சு பொய்யால் இல்லை, நோயால். இவ்வளவையும் நான் அன்று பெஞ்சிலேயே பார்த்தேன், எல்லாவற்றையும் தப்பாகப் பார்த்தேன்.

டாக்டரம்மா நிமிர்ந்து, "வேலாயுதம், நோட்டை எடுத்துட்டு வாங்க" என்றார். விரலை 'முன்' கட்டத்தின் மேல் வைத்து, "முதல் சொட்டு பார்த்தீங்களா?" என்றார்.

"பார்த்தேன்."

"பார்த்தேன்னு சொல்லாதீங்க. என்ன பார்த்தீங்கன்னு சொல்லுங்க."

வாயைத் திறந்தேன். 'வெறுமை' என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேலை பிழைத்திருக்கும். அவள் மூச்சு அங்கே கட்டிலில் கேட்டுக்கொண்டிருந்தது. "பார்க்கலம்மா. மழைத் தேரை. ஜோடியா பிடிச்சது. பார்க்காம டிக் போட்டேன்" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் திட்டவில்லை. ஒரு சீட்டு எழுதி என் கையில் கொடுத்து, "அடுத்த ரயிலுக்கு எழும்பூர் போங்க. இந்த மருந்து சென்னையில ஒரு டாக்டர்கிட்டதான் இருக்கு. நின்னு வாங்கிட்டு, உட்காராம திரும்பி வாங்க" என்றார்.

அந்த மருந்து கார்ட்டிசோன். அந்நாளில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. போகும்போதும் வரும்போதும் ரயிலில் நின்றுகொண்டே இருந்தேன். உட்காரக் கூடாது என்று அவர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டேன். மாலை ஐந்து மணிக்கு ஊசி போட்டார். மறுநாள் காலை பூங்காவனம் கண் திறந்து, தண்ணீர் கேட்டாள். இரண்டாம் நாள் கஞ்சி கேட்டாள். மூன்றாம் நாள் குழந்தையைக் கேட்டாள்.

அப்புறம்தான் டாக்டரம்மா எனக்கு விளக்கினார். மூளைக்கு அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்று ஒரு சுரப்பி இருக்கிறது. கழுத்திலிருக்கும் தைராய்டுக்கும், சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரினலுக்கும், சூல்பைக்கும் அதிலிருந்துதான் உத்தரவு போகிறது. கர்ப்ப காலத்தில் அது பருத்திருக்கும், அதற்கு ரத்தம் அதிகம் வேண்டும். பிரசவத்தில் ரத்தம் கொட்டிப்போனால் அது பட்டுப்போய்விடுகிறது. ஜங்ஷனில் சிக்னல் கேபின் எரிந்துபோனால் எந்த வண்டியிலும் கோளாறு இல்லாமலே எல்லா வண்டியும் நிற்கிற மாதிரி, மற்ற சுரப்பிகளெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக நின்றுவிடும். பால் வராது, தூரம் வராது, முடி உதிரும், உடம்பு குளிரும். பட்டினியும் வாந்தியும் வந்தால் தாங்காது. "தைராய்டு மாத்திரையும் கொடுக்கணும். ஆனா முதல்ல கார்ட்டிசோன், அப்புறம்தான் தைராய்டு. வரிசை மாறினா நாமளே கொன்னுடுவோம்" என்றார். நான் அந்த வரிசையை மூன்று தடவை திருப்பிச் சொன்ன பிறகுதான் விட்டார்.

பத்து நாள் கழித்து மறுபரிசோதனை. ஒரு வாரத்துக்கு மேல் தனித்திருந்த இரண்டு தேரைகள். முதல் சொட்டை நான் பார்த்தேன், பிறகு அவர் பார்த்தார். வெறுமை. ஊசி போட்டு மூன்று மணி நேரம் கழித்தும் வெறுமை. "கன்னியம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றார்.

சொன்னேன். தப்பு என்னுடையது, தேரை மழைத் தேரை, உங்கள் மருமகள் உத்தமி, இது சுரப்பி நோய் என்று எல்லாம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டும் சொன்னேன். கன்னியம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகப் பழக்கமானது, நான் எல்லாரையும் பார்க்கிற பார்வை.

"அன்னிக்கு இத்த சொல்லுன்னு ஒன்ன யாரும் சொல்லல. நீயா சொன்ன. இன்னிக்கு டாக்டரம்மா சொல்லச் சொல்லி சொல்ற. எது சார் நெசம்?" என்றாள்.

"அம்மா, கலைஞ்சிருந்தா அதுக்கு அடையாளம் இருக்கும். ஒண்ணுமே இல்ல."

"கழுகு வர்ற மலை மேல சத்தியம் பண்ணு, அன்னிக்கு நீ கண்ணால பாக்கலன்னு."

எப்படிச் சத்தியம் செய்வேன்? விந்தணு ஓடியதைக் கண்ணால் பார்த்தேனே. நான் பார்க்காதது அதற்கு முந்தின சொட்டு. அதை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியாமல் நின்றேன். நான் தயங்கினதைப் பார்த்து அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். அதற்குள் ஊர் வாத்தியார் கையால் எழுதவைத்து ஏழுமலைக்குக் கடிதமும் போயிருந்தது.

டாக்டரம்மா ஏழுமலைக்கு விரிவாக ஒரு கடிதம் எழுதினார். தை மாதம் அவன் விடுப்பில் வந்தான். நெட்டையாக, பேச்சுக் குறைந்த ஆள். டாக்டரம்மா சொன்னதை எல்லாம் நின்றபடியே கேட்டான். குழந்தையைத் தூக்கி வைத்திருந்தான். பூங்காவனத்தைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, அனுப்பிவிடவில்லை. கடைசியாக, "எல்லாம் சரிதாங்கம்மா. தேரை வெச்சிப் பாத்ததுக்கு ஒரு காயிதம் குடுங்க, எங்கிட்ட இருக்கட்டும்" என்றான். 'கர்ப்பம் இல்லை' என்று நான் எழுத, டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார். அதை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான்.

பூங்காவனம் மாதம் தவறாமல் மாத்திரைக்கு வருவாள். முகத்தில் ஊதல் வடிந்துவிட்டது. பேச்சு வேகமானது. ஆயாவைக் கேலி செய்கிற அளவுக்குத் தேறிவிட்டாள். ஆனால் ஏழுமலை விடுப்பில் வருகிறான் என்று கடிதம் வந்தால், அந்த மாதம் மாத்திரைச் சீட்டோடு ஒரு பாட்டிலும் கொண்டுவந்து என் மேஜை மேல் வைப்பாள். பரிசோதனை செய்து காகிதம் எழுதிக் கொடுப்பேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு இடுப்பில் செருகிக்கொள்வாள்.

ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. "உனக்கு இனிமே அது தரிக்கவே வழியில்லன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்களேம்மா. உன் வீட்டுக்காரரும் ஒண்ணும் கேக்கறதில்லன்னு சொல்ற. அப்புறம் ஒவ்வொரு வாட்டியும் எதுக்கு இந்தப் பாட்டில்?" என்றேன்.

அவளுக்குக் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவுரு கேக்க மாட்டாரு சார். வந்த மொத நாளு, காயிதம் எங்கன்னு கையி மட்டும் நீட்டுவாரு" என்றாள். "நீங்க இருக்குன்னு ஒரு வாட்டிதான் சொன்னீங்க. அதுக்கு எத்தினி வாட்டி இல்லன்னு எய்தினா தீரும்னு எனக்குத் தெரியல. எய்திக் குடுங்க."

அந்த ஆஸ்பத்திரியை விட்டு வேறு வேலைக்குப் போகும்வரை அவளுக்கு ஏழு காகிதங்கள் எழுதிக் கொடுத்தேன். எட்டாவதை யார் எழுதினார்களோ, எனக்குத் தெரியாது.